வல்லக்காட்டுக்குப் பச்சை பூசிய கதை

மழை பெய்தால் ராஜாவின் புண்ணியம், பெய்யாவிட்டால் ராஜாவின் பாவம் என்று ஜனங்கள் நம்பியிருந்த காலத்திலே, கன்னலூர்ச் சீமையை விக்கிரமபூபன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் புகழ்ச்சி அவருக்குச் சர்க்கரைப் பொங்கல் மாதிரி, ஒரு பிடி போதாது. தினமும் கொலுவில் அமர்ந்ததும், "மாதம் மும்மாரி பொழிகிறதா?" என்று கேட்பார். "பொழிகிறது மகாராஜா!" என்று சபையே சொல்லும். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் அதே பதில்தான்.

மந்திரி சாத்தப்பருக்கு மட்டும் அந்தப் பதில் தொண்டையில் முள்ளாய்க் குத்தும். மூன்று வருஷமாக அவர் ஊருக்கு ஒரு கல்லுரலை வெட்டவெளியில் போட்டுவைத்து, ஒவ்வொரு மழைக்கும் அதில் எத்தனை விரற்கடை தண்ணீர் நின்றது என்று ஓலை வாங்கிவந்தார். துறைமுகத்துக்கு வரும் வெளிதேச வணிகரிடமும் அவரவர் ஊர் மழையை விசாரித்துக் குறித்துக்கொண்டார். எல்லாவற்றையும் சேர்த்துத் துணியில் ஒரு படம் எழுதினார். மழை நிறைந்த இடம் பச்சை, குறைந்தது மஞ்சள், அறவே காய்ந்தது பழுப்பு. வடக்கே வல்லக்காட்டின் ஏழு ஊரும் பழுப்பாகவே வந்தன. மணல்காட்டுத் தேசத்து வணிகர் சொன்ன அளவுக்குத்தான் அங்கேயும் மழை! உடனே களஞ்சியத்தைத் திறந்து, கிணறு வெட்டிக் கொடுக்காவிட்டால், ஆடி பிறக்குமுன் ஏழு ஊரும் காலியாகிவிடும். அதைச் சொல்லத்தான் படத்தைச் சபையில் விரித்தார்.

ராஜாவின் முகம் சிவந்துவிட்டது. "என் நாட்டில் பாலைவனமா?"

இதற்காகவே காத்திருந்தவர் போலப் பிரதானி பூவலிங்கர் எழுந்தார். மந்திரி ஆசனத்தின்மேல் அவருக்கு ரொம்ப நாளாகக் கண். "மகாராஜா! மழை இல்லை என்றால் தங்கள் செங்கோல் கோணல் என்றல்லவா அர்த்தம்? இதோ, நானும் ஒரு படம் கொண்டுவந்திருக்கிறேன்."

மூலைக்கு மூலை பச்சை. வல்லக்காட்டில் ஒரு தாமரைக்குளம் வேறு!

"இரண்டில் ஒன்று பொய். பொய்ப்படம் எழுதியவருக்கு இனி இந்தச் சபையில் இடமில்லை" என்றார் ராஜா.

சாத்தப்பர் பதறவில்லை. "நேரிலே போய்ப் பார்த்துவிடலாம், மகாராஜா. பிரதானியின் படமே வழிகாட்டட்டும். ஒரே ஒரு விண்ணப்பம். மும்மாரி பொழிகிற ஊருக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு போனால் தங்களுக்குத்தான் அவமானம். யாரும் ஒரு சொட்டும் கொண்டுவரக் கூடாது."

"பேஷ்!" என்றார் ராஜா. வேண்டாம் என்று பூவலிங்கர் எந்த வாயால் சொல்வார்?

விடிந்ததும் மூவரும் குதிரையேறினார்கள். உச்சிவேளையில் வல்லக்காடு. மண் பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது.

"குளம் எங்கே?"

"இதோ, இன்னும் கொஞ்ச தூரம், மகாராஜா!"

நாலு தடவை கேட்டார், நாலு தடவையும் அதே பதில். ஐந்தாவது தடவை கேட்க ராஜாவுக்கு நாக்கு புரளவில்லை. சாத்தப்பருக்கும் தொண்டை வறண்டுதான் இருந்தது. ராஜாவைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. ஆனால் பிரதானியின் குரல் மட்டும் கணீரென்று இருப்பதை அவர் கவனித்துவிட்டார்.

"மகாராஜா, பிரதானியின் அங்கவஸ்திரத்தைக் கொஞ்சம் விலக்கச் சொல்லுங்கள்."

விலக்கினால், இடுப்பில் ஒரு சுரைக்குடுக்கை. நிறையத் தண்ணீர்.

"அது... மருந்து, மகாராஜா..."

"நீர் எழுதின படத்தை நீரே நம்பவில்லையே ஐயா!" என்று ராஜா குடுக்கையைப் பறித்து வாய்க்குக் கொண்டுபோனார். அந்நேரம் பக்கத்துக் குடிசையிலிருந்து மாடத்தி என்ற பெண் ஒரு செம்போடு வந்தாள். அதில் பாதிதான் தண்ணீர், அதுவும் கலங்கல்.

"வழிப்போக்கரா சாமி? குடிங்க. ரெண்டு நாளைக்குன்னு வச்சிருந்தேன், பரவாயில்ல."

ராஜாவின் கை அப்படியே நின்றது. குடுக்கைத் தண்ணீர் முழுவதையும் அவள் செம்பில் ஊற்றினார். கண் கலங்கிவிட்டது. "நான்தான் அம்மா இந்த நாட்டு ராஜா. என்னை மன்னித்துவிடு."

மாடத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மன்னிப்பு கிடக்கட்டும் சாமி. கிணறு வெட்ட ஆளை அனுப்புங்க."

ராஜா முத்திரை மோதிரத்தைக் கழற்றிச் சாத்தப்பர் விரலில் மாட்டினார். "இனிமேல் களஞ்சியம் திறக்க என்னைக் கேட்க வேண்டாம். உம் படத்தைப் பார்த்துத் திறந்துகொள்ளும்."

அன்று சாயங்காலமே வல்லக்காட்டில் முதல் கடப்பாரை விழுந்தது. அதைப் பிடித்திருந்தவர் பூவலிங்கர்.