பொய்ப்பூ

"காய்க்காத பூவை எதுக்குப் படைச்சான் உங்க ஆண்டவன்?"

காளத்தி ஆசாரி வணக்கம்கூடச் சொல்லவில்லை. படலைத் தள்ளிக்கொண்டு வந்தார், மூட்டையைத் தொப்பென்று போட்டார், கேட்டார்.

ஆண்டிச்சி பரங்கிக் கொடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். மலையடிவாரத்தில் தனியாக ஒரு மடம் நடத்தி, போகிறவர் வருகிறவருக்குச் சோறு போடுகிறவள். ஆசாரிக்கு மகள் வயது. அவளிடம் ஞானம் கேட்டுப் போனவர்களில் பாதிப் பேர் திட்டிக்கொண்டுதான் திரும்பினார்கள்.

"எந்தப் பூ ஆசாரியாரே காய்க்காதது?"

அவர் கொடியைக் காட்டினார்.

"இதோ, நெட்டைக் காம்புல நிக்குதே, இதான். கீழே பிஞ்சு இல்லை பாருங்க. பொய்ப்பூ. அதோ, கோலிக்குண்டாட்டம் பிஞ்சு மேல குந்தியிருக்கே, அது மெய்ப்பூ. பொய்ப்பூ காலையில மினுக்கும், உச்சிக்குள்ள சுருங்கி விழும். அவ்வளவுதான் அதோட பொழப்பு."

"இரும்படிக்கிறவருக்குக் கொடி தெரியுதே!"

"கொடி தெரியாது. அந்தச் சொல் தெரியும்."

சொல் இப்படி வந்தது.

பல வருஷத்துக்கு முன்னால் அண்ணன் மகள் செண்பகவல்லிக்குக் காதுகுத்து. ஆசாரிக்குப் பிள்ளை இல்லை. அவரும் அவர் மனைவி தைலம்மையும் ஆசை ஆசையாக ஒரு ஜோடிக் குட்டித் தோடு செய்வித்து எடுத்துப் போனார்கள். ஆசாரி தோட்டை நீட்டினார். அண்ணன் மனைவி குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"வேணாம். பொய்ப்பூ பட்டா பிஞ்சு வெம்பிடும்."

பந்தலே கேட்டது. யாரோ சிரித்தார்கள். தைலம்மை தோட்டை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தாள். அதற்குப் பிறகு அவள் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. ஒரு மழைக்காலத்தில் செத்தும் போனாள்.

ஆசாரி அந்தச் சொல்லைத் துருப்பிடிக்க விடவில்லை. தினமும் எண்ணெய் போட்டு வைத்திருந்தார். அண்ணி என்ற சொல்லைத்தான் விட்டுவிட்டார். "எங்கண்ணன் கட்டினவ" என்பார், அதுவும் வேறு வழியில்லாவிட்டால். இதையெல்லாம் மறந்துவிடு என்று ஊர் சுலபமாகச் சொல்லும். பட்டவன் ஊர் இல்லையே.

இப்போது தையில் செண்பகவல்லிக்குக் கல்யாணம். 'சித்தப்பா வந்தால்தான் மணையில் உட்காருவேன்' என்று அந்தப் பெண் ஆள் அனுப்பியிருந்தாள். அதற்குப் பயந்துதான் ஆசாரி மலையடிவாரத்துக்கு ஓடி வந்திருந்தார்.

ஆண்டிச்சி எல்லாவற்றையும் கேட்டாள். மண்வெட்டியைச் சாய்த்து வைத்தாள்.

"நாளைக்கு மார்கழி பிறக்குது. கோலத்துக்குப் பூ கேட்டு விடியறதுக்கு முன்னே பொண்ணுங்க வருவாங்க. கொடி இனிமே உங்க பொறுப்பு. பொய்ப்பூ அத்தனையும் கிள்ளிக் கொடுத்துடுங்க."

"அத்தனையுமா?"

"காய்க்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"மெய்ப்பூவைத் தொட்டுடாதீங்க." அவள் உலை வைக்கப் போய்விட்டாள்.

*

ஆசாரி கிள்ளினார்.

பனியில் நின்று, இலை இலையாக விலக்கி, ஒன்று விடாமல் கிள்ளினார். பெண்கள் கூடை கூடையாக வாங்கிப் போய், சாணி உருண்டையில் செருகிக் கோலத்து நடுவே வைத்தார்கள். தெரு முழுக்க மஞ்சள்.

"ஆசாரியாரே, கொடிக்கு வலிக்கப்போகுது, மெதுவா!" என்றாள் ஒருத்தி.

"வலிக்கட்டும். ஒண்ணுத்துக்கும் ஆகாத பூ."

அடுத்த பூவை இன்னும் வேகமாகக் கிள்ளினார்.

மெய்ப்பூக்கள் மட்டும் நின்றன. இனிச் சத்தெல்லாம் பிஞ்சுக்குத்தான் என்று ஆசாரி சாம்பல் தூவினார், தண்ணீர் கட்டினார். தைப்பூசத்துக்கு நடந்து போகிறவர்களுக்கு அந்த மடத்தில் பரங்கிக்காய்க் குழம்புதான். இந்தக் கொடியை நம்பித்தான் அது.

முதல் பிஞ்சு மஞ்சளடித்தது. தொட்டார், கையோடு வந்தது.

அடுத்ததும் வந்தது. அதற்கடுத்தது தொடாமலே விழுந்தது.

உள்ளங்கை நிறைய வெம்பிய பிஞ்சுகளோடு அடுப்படிக்கு ஓடினார்.

"அம்மா, கொடிக்கு என்னமோ நோய். நான் என்ன பாவம் பண்ணேன்? என் கை பட்டதாலயா? அவ சொன்னது நிஜம்தானா?"

ஆண்டிச்சி அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நாளைக்கு ஒரு பொய்ப்பூவை விட்டு வைங்க."

"விட்டு வெச்சா?"

"பக்கத்துல குந்துங்க."

*

ஒன்றை விட்டு வைத்தார். குந்தினார்.

வெயில் வந்தது. கூடவே ஒரு தேனீ வந்தது.

அது பொய்ப்பூவுக்குள் தலைகீழாக இறங்கியது, புரண்டது. வெளியே வந்தபோது மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி உடம்பெல்லாம் பொடி. அப்படியே பறந்து பக்கத்து மெய்ப்பூவுக்குள் இறங்கியது. அங்கேயும் புரண்டது.

ஆசாரி தேனீ போன பிறகு விரலை விட்டுப் பார்த்தார். மெய்ப்பூவின் நடுவில், பிசுபிசுப்பான மேட்டில், அந்தப் பொடி ஒட்டியிருந்தது.

பொய்ப்பூ உச்சிக்குள் சுருங்கி விழுந்தது.

அந்த ஒரு பிஞ்சுக்குத் துணியால் அடையாளம் கட்டினார். மற்றவை வெம்பின. அது வெம்பவில்லை. எலுமிச்சையானது. தேங்காயாகப் பார்த்தது.

ஆசாரிக்கு முதலில் கோபம்தான் வந்தது.

"தெரிஞ்சேதானே கிள்ளச் சொன்னீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இத்தனை பிஞ்சு போயிருக்காதே!"

"உங்ககிட்டதான் ஏற்கெனவே ஒரு வார்த்தை இருந்ததே. இன்னொண்ணை எங்கே வைப்பீங்க?"

ஆசாரி துணி கட்டிய பிஞ்சைத் திரும்பிப் பார்த்தார்.

"பரங்கி மட்டும்தானா இப்படி?"

"போய்ப் பாருங்களேன்."

போய்ப் பார்த்தார். வேலியில் பாகல், அதிலும் இரண்டு விதப் பூ. கூரை மேல் சுரை. அது வெள்ளையாக அந்தியில் பூத்தது, அதற்கு இருட்டில் வேறு பூச்சி வந்தது. குளக்கரையில் இரண்டு பனை. ஒன்று குலை தள்ளியது, ஒன்று வெறும் கதிர் விட்டது. வெறும் கதிரைக் காற்று உலுக்கியது. ஆசாரி கழுத்து வலிக்க அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

*

விடியலில் பெண்கள் வந்தார்கள். ஆசாரி படலுக்குக் குறுக்கே நின்றார்.

"இப்போ கிடையாது. தேனீ வந்துட்டுப் போகட்டும், அப்புறம் வாங்க."

"அதுக்குள்ள வெயில் வந்துடும்! கோலம் யாரு பார்க்கிறது? வெறும் பொய்ப்பூதானே, கொடுங்க."

"யாருடி பொய்ன்னது?" ஆசாரி கத்தியதில் கொடி மேலிருந்த கரிக்குருவி பறந்தது. "இது படலேன்னாத்தான் பிஞ்சு வெம்பும், தெரியுமா? படலேன்னாத்தான்!"

பெண்கள் கூடையோடு ஓரடி பின்வாங்கினார்கள்.

ஆசாரி தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டார். பிறகு கொடிக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து ஒருத்தி தண்ணீர் கொண்டுவர ஓடினாள். வந்து பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிய, மூச்சு முட்ட.

"தைலம்மை, கேட்டியாடி," என்றார். "தலைகீழாச் சொல்லிட்டா! முட்டாள் பொம்பளை, தலைகீழாச் சொல்லிட்டா!"

*

பொங்கல் முடிந்து கொடியில் காய்கள் கிடந்தன, பூசத்துக்குப் போதும் போதும் என்று.

ஆசாரி தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்து, மூட்டையைக் கட்டினார். அதற்குள்ளிருந்து ஒரு முடிச்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"குட்டித் தோடாச்சே, கல்யாணப் பொண்ணுக்கு எப்படிப் பத்தும்?" என்றாள் ஆண்டிச்சி.

"அவ பிள்ளைக்குப் போடட்டும்."

குனிந்து, தேனீ வந்து போன ஒரு பூவைப் பறித்துத் தலைப்பாகையில் செருகிக்கொண்டார். நெட்டைக் காம்பு. கீழே பிஞ்சு இல்லை.

ஆண்டிச்சி படலைத் திறந்து விட்டாள்.

"அந்தம்மா பந்தல்ல வெச்சு மறுபடியும் உங்களைப் பொய்ப்பூன்னு சொன்னா?"

"'ஆமா அண்ணி'ம்பேன்."