கோபுரத்தின் நான்காவது பக்கம்

பவழக்கரை நாட்டை மன்னர் செங்கதிர்வேலர் ஆண்ட காலத்தில், சபையைச் சிரிக்க வைப்பதற்கென்றே ஒருவனுக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். அந்த ஒருவன் நான்தான். பெயர் பூவராகன். உடம்பும் பெயருக்கு ஏற்றதுதான்.

சிரிப்புக்கு வந்த சம்பளம் சோற்றுக்குப் போதவில்லை. அதனால் ஒரு தொழில் தொடங்கினேன். துறைமுகத்தில் மரத்தால் உயரமான கோபுரம் ஒன்று கட்டினேன். உப்பு வியாபாரிகள் அதன் உச்சியில் ஓர் ஆளை நிறுத்தி, தங்கள் நிறத் துணியை அசைத்துச் சேதி அனுப்பினார்கள். அடுத்த கோபுரத்து ஆள் அதைப் பார்த்து அப்படியே அசைப்பான். குதிரை வேண்டாம், ஓட்டக்காரன் வேண்டாம். சேதி காற்றிலேயே போனது.

பிறகு முத்து வியாபாரிகள் வந்தார்கள். "நாங்களும் தனியாக ஒரு கோபுரம் கட்டப் போகிறோம்" என்றார்கள்.

"எதற்கு வீண் செலவு? என் கோபுரத்துக்கு நான்கு பக்கம் இருக்கிறதே!" என்றேன்.

இரண்டாவது பக்கம் அவர்களுக்குப் போனது. மூன்றாவது பக்கத்தை ஜவுளிக்காரர்கள் எடுத்தார்கள். மேலே அவர்களுடைய ஆட்கள் கை வலிக்கத் துணி அசைத்தார்கள். கீழே நான் வாடகை வாங்கிக்கொண்டு வெற்றிலை மென்றேன். கோபுரங்கள் பெருகித் தலைநகரைத் தாண்டி எல்லை வரைக்கும் போயின. எல்லாம் என் மூளை என்று என் மனைவியைத் தவிர எல்லோரும் நம்பினார்கள்.

நான்காவது பக்கத்துக்கு மட்டும் எந்தக் கோபுரத்திலும் ஆள் வரவில்லை. தலைநகர்க் கோபுரத்தில் அந்தப் பக்கம் அரண்மனையைப் பார்த்து இருந்தது. "மரியாதைக்காகத் திறந்து வைத்திருக்கிறேன்" என்று ஊரில் சொல்லிக்கொண்டேன்.

அந்த மரியாதைதான் வம்பாயிற்று.

ஒரு சனிக்கிழமை மன்னர் மொட்டைமாடியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடுப்பில் கோவணம் மட்டும். ஒரு குரங்கு சீயக்காய்க் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது. மன்னர் விரட்டினார். வழுக்கி விழுந்தார். எழுந்து மறுபடியும் விரட்டினார்.

கோபுரத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம். கண்ணில் பட்டதை அடுத்த கோபுரத்துக்குச் சொல்லாவிட்டால் அவர்களுக்குச் சோறு இறங்காது. சொல்லிவிட்டார்கள். மன்னர் தலையில் எண்ணெய் இருக்கும்போதே சேதி எல்லையைத் தாண்டிவிட்டது. மறுநாள் பக்கத்து நாட்டு ராஜாவிடமிருந்து ஒரு மூட்டை சீயக்காய் வந்தது. "பூட்டி வைத்துக்கொள்ளவும்" என்று ஓலை வேறு.

என்ன வேகம் என்று நான் பூரித்துப் போனேன். அப்போதுதான் அரண்மனைச் சேவகன் என்னைக் கூப்பிட வந்தான்.

சபையில் மன்னர் முகம் சிவந்திருந்தது. பக்கத்தில் பிரதானி அரியநாயகம் பல் தெரிய நின்றார். அவருடைய மைத்துனர் ஓட்டக்காரர்களை வைத்துச் சேதித் தொழில் நடத்தி, என்னால் நொடித்துப் போனவர்.

"பூவராகா! இனி அந்தக் கோபுரத்திலிருந்து யாரும் என் மாடியைப் பார்க்கக் கூடாது."

"ஒரு தட்டி கட்டி மறைத்துவிடுகிறேன், மகாராஜா."

"மறைப்பதா?" என்று பிரதானி குறுக்கே விழுந்தார். "மகாராஜா மாடியில் இன்னும் என்னென்ன செய்கிறாரோ என்று ஊர் பேசாதா?"

"ஆமாம், மறைக்கக் கூடாது" என்றார் மன்னர்.

"அப்படியானால் கோபுரத்தைக் கொஞ்சம் குட்டையாக்கி..."

"கப்பல் வருகிற சேதி எனக்கு எப்படித் தெரியும்? குறைக்கவும் கூடாது, மறைக்கவும் கூடாது. நாளைக் காலைக்குள் வழி பண்ணு. இல்லையென்றால் உன் கோபுரங்கள் எல்லாம் பிரதானியின் மைத்துனருக்கு!"

வீட்டுக்கு வந்து என் மனைவி குமுதவல்லியிடம் புலம்பினேன்.

"இவ்வளவு கோபுரம் கட்டினீர்களே, காலியாகக் கிடக்கிற பக்கத்துக்கு ஓர் ஆளைப் பிடிக்கத் துப்பிருந்ததா?" என்றாள் அவள்.

திட்டு வாங்கிய இடத்தில்தான் எனக்கு எப்போதும் யோசனை வரும். அன்றும் வந்தது.

காலையில் மன்னரை மாடிக்கு அழைத்துப் போனேன். பிரதானியும் கூடவே வந்தார். கோபுரத்தின் நான்காவது பக்கம் முழுக்கச் சிவப்புப் பட்டு தொங்கியது. நடுவில் மன்னரின் சங்கு முத்திரை.

"மறைக்கக் கூடாது என்றேனே!"

"மறைப்பு எங்கே, மகாராஜா? அது தங்கள் கொடி. உப்பு வியாபாரிக்கு ஒரு பக்கம் இருக்கிறது. முத்து வியாபாரிக்கு ஒரு பக்கம் இருக்கிறது. நாட்டை ஆள்கிறவருக்கு ஒரு பக்கம் வேண்டாமா? தங்கள் கொடியை விலக்கி எட்டிப் பார்க்க எவனுக்குத் துணிச்சல் வரும்?"

மன்னர் மீசையைத் தடவினார். கொடி அழகாகத்தான் இருந்தது.

பிரதானி விடவில்லை. "கொடியை அசைக்க ஓர் ஆள் பின்னால் நிற்பானே. அவன் பார்க்க மாட்டானா?"

"தங்களுக்கு எண்ணெய் தேய்க்கிற மாரப்பனையே அங்கே போடுங்கள், மகாராஜா. அவன் புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது? தவிர, சனிக்கிழமை காலையில் அவன் கை தங்கள் தலையில் இருக்கும்."

மன்னரின் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. பிரதானிக்கு அவமானமாகப் போய்விட்டது. என்னை எப்படியும் மடக்க வேண்டும் என்று குரலை உயர்த்தினார்.

"மகாராஜாவுக்கு ஒரே ஒரு கோபுரம்தானா? மற்றக் கோபுரங்களில் இவர் மகாராஜா இல்லையா? இது அவமதிப்பு!"

நான் தலை குனிந்தேன். "பிரதானி சொல்வது நியாயம். என் சின்ன மூளைக்கு ஒரு கோபுரத்துக்கு மேல் எட்டவில்லை."

"எல்லாக் கோபுரங்களிலும் என் கொடி பறக்கட்டும்!" என்றார் மன்னர். சொன்ன பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. "அது சரி, இதற்கெல்லாம் வாடகை உண்டோ?"

"உப்பு வியாபாரி கொடுப்பதுதான், மகாராஜா. கூடக் கேட்டால் பேராசை. குறைத்துக் கேட்டால் தங்களை உப்பு வியாபாரிக்குக் கீழே வைத்ததாக ஆகிவிடும்."

மன்னர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அரியநாயகம், இவன் தொழிலைப் பிடுங்க வந்தீர். எல்லாக் கோபுரங்களிலும் என்னையே குடி வைத்துவிட்டீரே!" என்று சொல்லி, தம் தோளில் கிடந்த சால்வையை எடுத்து எனக்குப் போர்த்தினார்.

பிரதானியும் சிரித்தார். மன்னர் சிரித்தால் எல்லோரும் சிரிக்க வேண்டும் என்பது எங்கள் சபை வழக்கம்.