மேல் பட்டன்

சீனியம்மாளுக்கும் ஒரு குரு உண்டு. குரு என்றால் தாடியும் கிடையாது, தடியும் கிடையாது. சீனியம்மாளைவிடப் பத்து வயது இளையவள். பெயர் ஜெபராணி. யூனியன் ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் பகல் நேரக் காப்பகத்தில் டீச்சர். மூளை வளர்ச்சி குறைந்த, வயதில் வளர்ந்து ஆளாகிவிட்ட பிள்ளைகளைக் காலையில் வேன் வந்து அங்கே கூட்டிக்கொண்டு போகும். பொழுது சாயக் கொண்டுவந்து விடும். அரசாங்கம் நடத்துவது.

சீனியம்மாளின் மகன் வெயிலுமுத்துவும் அந்த வேனில்தான் போவான். இருபது வயது தாண்டிவிட்டது. பேச்சு வராது. சிரிப்பு வரும், வந்தால் லேசில் நிற்காது.

வேன் வருவதற்கு முந்தின காலத்தில், சீனியம்மாள் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குக் கிளம்பினால், பழைய சேலையைக் கிழித்து அவன் காலைக் கட்டிலோடு கட்டிவிட்டுத்தான் போவாள். பாவமாக இருக்கிறதே என்று ஒரு நாள் கட்டாமல் போனாள். அன்றைக்கு நாலுவழிச் சாலையின் நடுவே நின்று லாரிகளுக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தவனை யாரோ பிடித்துக்கொண்டு வந்து விட்டார்கள். காப்பகத்தில் இடம் கிடைத்த பிறகுதான் அந்தச் சேலைத் துணிக்கு விடுதலை.

சனிக்கிழமைகளில் டீச்சர் அம்மாக்களுக்குப் பாடம் நடத்துவாள். சட்டைப் பட்டன் போடப் பழக்கும் பாடம் தலைகீழானது. முக்கால் வேலையை அம்மா செய்ய வேண்டும். பட்டனை ஓட்டைக்குள் நுழைத்துவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் பிள்ளைக்கு விட வேண்டும். அது படிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

"அவன் இழுக்கலைன்னா டீச்சர்?"

"கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க."

"அதுக்குள்ள விடிஞ்சிரும்."

"விடியட்டும்க்கா."

ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஒரு நாள் காலையில் வெயிலுமுத்து எல்லாப் பட்டனையும் தானே போட்டுவிட்டு, மேல் பட்டனை மாட்டியதும் கழுத்து இறுகிப்போய்ச் சிரித்தான். சீனியம்மாள் தெருவில் இருந்த அத்தனை வீட்டுக்கும் அவனை இழுத்துக்கொண்டு போய், பட்டனைக் கழற்றிப் போடச்சொல்லிக் காட்டினாள்.

பிறகு முகாம் வந்தது. காப்பகத்தில் யார் இருக்கலாம், யார் வேண்டாம் என்று டாக்டர்கள் பார்த்துச் சொல்லும் முகாம். கல்யாண மண்டபத்தில் வரிசை. சீனியம்மாள் மகனுக்குத் தலை வாரி, பவுடர் போட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் கூட்டிக்கொண்டு போனாள்.

முன்னால் நின்ற ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். "ஏத்தா, பொண்ணு பாக்கவா போறீக? நாங்கள்லாம் எண்ணெகூட வைக்காமக் கூட்டியாந்திருக்கோம்."

"எம்மகன் அப்படித்தான் இருப்பான்" என்றாள் சீனியம்மாள்.

டாக்டர் பேர் கேட்டார். வெயிலுமுத்து சிரித்தான். அவர் எழுதப் போனார். சீனியம்மாளுக்கு மனசு கேட்கவில்லை.

"சார், பேரு சொல்ல மாட்டான். ஆனா சட்டையைக் கழட்டி விடுங்க, ஒத்தைப் பட்டன் விடாமப் போட்டுருவான்."

அவளே கழற்றினாள். அவன் போட்டான், மேல் பட்டன் வரைக்கும். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, "அடடே, தன் வேலையைத் தானே பாத்துக்கிறானே" என்றார்.

அடுத்த வாரத்தில் இருந்து வேன் அவள் வீட்டு வாசலில் நிற்கவில்லை.

மகனை மறுபடியும் பார்க்கச் சொல்லி ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். புதன்கிழமை வரச்சொன்னார்கள். அதற்கு முன்னால் மகனைக் கூட்டிக்கொண்டு காப்பகத்துக்கு டீச்சரிடம் வந்தாள். வெயிலுமுத்து பெஞ்சில் உட்கார்ந்தான். அவன் கணுக்காலில் துணி இறுக்கிய தடம் சிவந்து கிடந்தது. டீச்சர் அதைப் பார்த்தாள்.

"டீச்சர், சொல்லிக் குடுத்தது நீங்க. மறக்குறதுக்கும் நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்."

"எதைக்கா?"

"பட்டனை. அந்த டாக்டர் பட்டனைத்தான் மொதல்ல கேப்பாரு. இவன் போட்டுத் தொலைச்சான்னா இடம் போச்சு."

"பட்டன் இல்லாத பனியனாப் போட்டுக் கூட்டிட்டுப் போங்களேன்."

"அவரு சட்டையைக் குடுத்துப் போடச் சொன்னா?"

சீனியம்மாள் மகன் கையைப் பிடித்துக் காட்டினாள்.

"நானும் பாத்துட்டேன் டீச்சர். பட்டன்ல கை வச்சா கையில ஒண்ணு வச்சேன். லேசாத்தான். ரெண்டு நாளாப் பழக்குறேன். எதிர்க்க இருந்தா போடமாட்டேங்கான். நான் இந்தப் பக்கம் திரும்புனா போட்டுக்கிட்டுச் சிரிக்கான்."

"கொஞ்சம் வெளிய போய் நில்லுங்கக்கா."

சீனியம்மாள் வெளியே போய் ஜன்னல் ஓரமாக, அவன் கண்ணில் படாமல் நின்றாள்.

டீச்சர் அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள். மேல் பட்டனைக் கழற்றினாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டாள்.

வெயிலுமுத்துவின் கை மேலே வந்தது. நெஞ்சு வரை வந்து நின்றது. அவன் வாசலைப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. ஜன்னலைப் பார்த்தான். சீனியம்மாள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அங்கேயும் யாரும் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. இருந்தும் கையை இறக்கி, தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

டீச்சர் காத்திருந்தாள். பக்கத்து அறையில் பிள்ளைகள் சாப்பிட்டு, தட்டுக் கழுவி அடுக்கும் சத்தம் கேட்டு ஓய்ந்தது. அப்போதும் கட்டிய கையை அவள் பிரிக்கவில்லை. வெயிலுமுத்துவின் கை வெளியே வரவில்லை. அவன் சிரிக்கவும் இல்லை.

சீனியம்மாள் உள்ளே வந்தாள்.

"புதன்கிழமைக்குப் பயமில்லைக்கா" என்றாள் டீச்சர். "இடம் கெடைச்சிரும்."

சீனியம்மாள் தலையை ஆட்டினாள். இந்த வார்த்தையைக் கேட்கத்தான் வந்திருந்தாள். மகனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"இங்க வந்து சேந்ததும் திரும்பச் சொல்லிக் குடுத்துரலாம்ல?"

டீச்சர் எட்டி அவன் மேல் பட்டனைத் தானே மாட்டிவிட்டாள். கடைசி இழுப்பையும் அவளே இழுத்தாள்.

"சொல்லிக் குடுத்துரலாம்க்கா. அடுத்த முகாம் வரைக்கும்."