நட்சத்திரத்துக்குத் தலைமுழுக்கு

வெடித்துச் செத்த நட்சத்திரங்களை ஆராய்வதற்கென்றே ஒரு கூடம் இருந்தது. அதில் மூன்று ஆராய்ச்சியாளர்கள். மூவருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான். அது அன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்பதில்தான் குழப்பம். மூத்தவர் பொய்யாமொழி, தன்னிடம்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்பினார்.

டெல்லி கிளம்பும்போது பேராசிரியர் திருமேனிநாதன் அவரிடம் சொன்னார்: "விண்வெளித் தொலைநோக்கி எடுத்த எக்ஸ்ரே இப்ப வந்துடும். நிறமாலையில என்னென்ன தனிமம் தெரியுதுன்னு பாரு. நட்சத்திரம் வெடிச்சப்பக் கிளம்பின அதிர்வலை இன்னும் பரவிக்கிட்டிருக்கு, அதோட வேகத்தையும் கணக்குப் போடு. நாலு மணிக்குள்ள அனுப்பலைன்னா நமக்குப் பணம் தர்ற டெல்லிக் கமிட்டிக்காரங்க நம்ம கூடத்தையே மூடிடுவாங்க."

தன்னை வேறு எவனும் வேலைக்கு எடுக்க மாட்டான் என்பது பொய்யாமொழிக்கே தெரியும்.

எக்ஸ்ரே வந்தது. நிறமாலையில் ஒரு கோடு நெடுநெடுவென்று எழுந்து நின்றது.

"இரும்பு," என்றாள் குஞ்சிதம். "நம்ம ரத்தத்துல ஓடுற இரும்பெல்லாம் இப்படிச் செத்த நட்சத்திரங்க குடுத்ததுதான்னு ஐயா பாடம் எடுத்தாரே!"

"அப்படின்னா செத்தது நமக்குப் பங்காளி," என்று நாற்காலியை விட்டு எழுந்தான் சடையாண்டி.

மற்ற இருவரும் எழுந்து நின்றார்கள். குஞ்சிதம் மூக்கைச் சிந்தினாள். தீட்டு வீட்டில் கணக்குப் போடலாமா என்று விவாதம் நடந்தது. கூடாது என்று முடிவாயிற்று.

"அதிர்வலையோட வேகத்தை மட்டுமாவது..." என்று இழுத்தார் பொய்யாமொழி. வேலை போய்விடுமே என்ற கவலை அவருக்கு.

"அண்ணே, அது ஊர் ஊரா இழவு சொல்லப் போய்க்கிட்டிருக்கு. அதை வழியில மறிச்சு வேகம் பாப்பீங்களா?" என்றான் சடையாண்டி.

பொய்யாமொழிக்கு வெட்கமாகிவிட்டது. கம்ப்யூட்டரை அணைத்தார். எல்லோரும் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, எக்ஸ்ரே படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றினார்கள்.

நாலு மணிக்குப் போன் அலறியது. விஷயத்தைக் கேட்டதும் பேராசிரியர் குதித்தார். "அது செத்துப் பல்லாயிரம் வருஷம் ஆச்சுய்யா!"

"தெரியும் ஐயா. தூரத்து ஊர், சேதி இப்பத்தான் வந்துச்சு. கேட்ட நாள்லேருந்துதானே தீட்டு?" என்றார் பொய்யாமொழி.

தொலைந்தோம் என்று பொய்யாமொழி கண்ணை மூடிக்கொண்டார்.

"அடப்பாவி, முன்னாடியே சொல்றதுக்கென்ன? இப்பத்தான் கமிட்டிக்காரங்களோட உக்காந்து பாயசம் குடிச்சேன்!" என்றார் பேராசிரியர்.

கமிட்டிக்காரர்களுக்கும் ரத்தத்தில் இரும்பு இருந்தது. பதறிப்போய்க் குளிக்க ஓடினார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் கணக்கை அனுப்பினால் போதும் என்று கெடுவைத் தள்ளிவைத்தார்கள். பொய்யாமொழிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போதுதான் குஞ்சிதத்துக்கு ஒரு சந்தேகம். "அண்ணே, மேல சுத்துற தொலைநோக்கியிலயும் இரும்பு இருக்கே?"

"ஐயையோ! கடைசியா முகத்தைப் பாத்ததே அது ஒண்ணுதானே. அதை இன்னும் குளிக்க வைக்கலையே!" என்றார் பொய்யாமொழி.

குளிக்க வைப்பது வேலைக் கணக்கில் சேராது என்று பேசித் தெளிந்து, அவர் கம்ப்யூட்டரை மறுபடி போட்டார். தொலைநோக்கியைப் பதமாகக் கீழே இறக்கி, வங்கக் கடலில் ஒரு முங்கு முங்க வைத்தார்.

அது எழுந்து வந்தால் துவட்டிவிட வேண்டும் என்று மூவரும் கரையில் துண்டோடு நிற்கிறார்கள்.