பதில் வராத முகவரி

“குருவே, எங்க வீட்டு நெட்டு வேகமாத்தான் இருக்கு. ஆனா மெதுவா இருக்கு.”

“ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கண்ணே” என்றாள் ஜெமிலா.

அவளுக்குப் பத்தொன்பது வயது. பதினொன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவள். தேவசகாயத்துக்கு நாற்பத்திமூன்று. அச்சகத்தை மூடிவிட்டதால் அவளிடம் வீடுகளுக்கு நெட்டு இணைப்பு கொடுக்கும் வேலையைக் கற்றுக்கொள்கிறார். குருவே என்பது முதலில் கிண்டல். இப்போது கிண்டல் இல்லை.

“எந்தப் பக்கம் தொறந்தாலும் முதல்ல செத்த மாதிரி நிக்குது. அப்புறம் சட்டுனு வந்துடுது. ஒயரை மாத்திட்டேன். ரவுட்டரை ஜன்னல்கிட்ட வச்சுட்டேன். பெரிய பிளானும் போட்டுட்டேன்.”

“எதுன்னு பாக்காமயே எல்லாத்தையும் மாத்தியாச்சு. சரி, வாங்க.”

அவர் வீட்டில் அவள் ரவுட்டரைத் தொடவே இல்லை. லேப்டாப்பில் ஒரு பக்கத்தைத் தட்டிவிட்டு விரல் மடக்கினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

பக்கம் வந்தது.

“சைட்டோட பேருக்கு என்ன நம்பர்னு ரவுட்டர் கேக்குற இடத்துலதான் நிக்குது” என்றவள் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தை லேப்டாப்பிலேயே திறந்தாள். அந்த நம்பரைக் கேட்பதற்கு இரண்டு முகவரிகள் இருந்தன. இரண்டாவது நெட்டு கம்பெனியுடையது.

“முதல்ல இருக்குறது யாரு? வீட்டுக்குள்ள இருக்குற நம்பரா இருக்கே.”

தேவசகாயம் ஜன்னலோரம் போய் ரவுட்டரின் ஒயரைச் சரிசெய்தார்.

“அண்ணே, உங்களைத்தான்.”

“தம்பி வச்ச சின்னப் பெட்டி. விளம்பரம் வராம இருக்க வச்சுக் கொடுத்தான், ஆல்பர்ட்.”

“பெட்டி எங்க?”

“இல்ல.”

எட்டு மாதம் முன்பு, அம்மாவின் நினைவு நாளன்று. ஜெபத்துக்கு ஆல்பர்ட் தாமதமாக வந்தான். அவ்வளவுதான் விஷயம். உன் பொருள் ஒன்றும் என் வீட்டில் இருக்கக்கூடாது என்று இவர் அந்தப் பெட்டியைப் பிடுங்கி, சொந்தக்காரர்கள் முன்னால் அவன் கையில் திணித்தார். வெளியே மழை. பெட்டி நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனான் அவன்.

அதன் பிறகு இவர் கூப்பிடவில்லை. அவனும்தான்.

“பெட்டி போயிருச்சு. ரவுட்டருக்கு யாரும் சொல்லல” என்றாள் ஜெமிலா. “எந்தப் பேரா இருந்தாலும் முதல்ல உங்க தம்பி பெட்டிகிட்டதான் கேக்குது. அஞ்சு விநாடி காத்துட்டு, பதில் இல்லன்னதும் அடுத்த ஆளைக் கேக்குது.”

“எட்டு மாசமாவா?”

“ஒவ்வொரு தடவையும்.”

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். “அந்த வரியை அழிங்க. சரியாப் போயிடும்.”

அவர் விரல் பொத்தான் மேல் போய் நின்றது. அழுத்தவில்லை. போனை எடுத்தார். பேரைத் தேடினார். காதில் வைத்தார்.

ஒரு ரிங் போனது.

“எடுக்க மாட்டான்” என்று, அழைப்பைத் துண்டிக்காமலே போனை இறக்கினார்.

ஜெமிலாவின் மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. அவர் முகத்துக்கு நேராகக் காட்டினாள்.

“மூணு விநாடிதான்ணே ஆச்சு.”

தேவசகாயம் போனைத் திரும்பக் காதில் வைத்தார்.