பன்னிரண்டு கோப்புகள்

ஆலையின் பாய்லர் வெடித்து, அதை ஓட்டிய தொழிலாளி அந்தோணி செத்த மூன்றாம் நாள். பழியைச் செத்தவன் தலையில் கட்டிவிட மேலாளர் வேதமூர்த்தி துடித்தார்.

"மாசாமாசம் பாய்லரைச் சோதிச்ச மாதிரி பன்னிரண்டு அறிக்கை வேணும். பழைய தேதியில. பாய்லர் நல்லாத்தான் இருந்துச்சு, அவன்தான் தப்பா ஓட்டினான்னு ஆகணும். இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது!"

கம்ப்யூட்டர் ஆபரேட்டர் செங்கமலம் கறுப்புத் திரையில், கோப்புக்கு வேண்டிய தேதி போடும் 'டச்' கட்டளையைத் தட்டினாள். கேட்ட தேதிகளில் பன்னிரண்டு கோப்புகள் வரிசைகட்டின. மேலாளர் பட்டியலை மட்டும் பார்த்தார். திறந்து படிக்க அந்த மனுஷனுக்கு எங்கே பொறுமை?

மறுநாள் விபத்தை விசாரிக்க வந்த அரசு ஆய்வாளர் அவற்றைத் திறந்தார். பன்னிரண்டும் காலி.

"என்னடி இது?" என்று மேலாளர் சீறினார்.

"டச் தேதி போடும், உள்ளே எழுதாது சார். நீங்க சோதிச்சதைச் சொல்லுங்க, இவர் முன்னாலயே எழுதிடறேன்."

வேதமூர்த்தி எழுந்து வெளியே போனார். சோதனையே நடக்கவில்லை என்று ஆய்வாளர் குறித்துக்கொண்டார்.

அந்தோணி மேல் பழி விழவில்லை. செங்கமலத்துக்கு அன்று சாயங்காலமே வேலை போனது.