விழாவுக்குப் போகாத செங்கமலம்

காட்டு ஏரியின் கோரைப்புல்லுக்குள் செங்கமலம் என்றொரு தாழைக்கோழி இருந்தாள். சிவந்த மூக்கு, கறுத்த உடம்பு, ஓயாத கால்கள்.

தான் பெற்ற குஞ்சுகளை எல்லாம் அவள் ஆளாக்கினாள். வலையில் சிக்கிக் காலொடிந்த கணவனுக்குக் கடைசிவரை இரை ஊட்டினாள். அதோடு நின்றாளா? முக்குளிப்பான் இரை தேடப் போனால் அதன் கூட்டுக்கு இவள்தான் காவல். வாத்துக்கு உடம்பு சரியில்லை என்றால் முதல் ஆளாக ஓடுவாள். ஏரியில் பொரிந்த குஞ்சுகள் எல்லாமே தாயின் குரலுக்கு அடுத்தபடியாக அறிந்த குரல் செங்கமலத்தின் குரல்.

கோடையில் ஏரி வற்றியது. கோரைக்கும் கரைக்கும் நடுவே முழங்கால் தண்ணீர்தான் மிச்சம். குஞ்சுகளின் கீச்சொலி கேட்டுக் கரையில் இருந்த நரிக்கு நாவூறியது. ஆனால் கிட்டே போனால் நாரைகள் கூட்டமாக வந்து கொத்திவிடுமே! நரி யோசித்தது.

மறுநாள் கரையில் நின்று குரல் கொடுத்தது.

"ஏரிப் பெருமக்களே! செங்கமலம் அம்மாவுக்கு யாராவது ஒரு பாராட்டு விழா எடுத்தீர்களா? எனக்கே வெட்கமாக இருக்கிறது. நாளைக் காலை கிழக்குக் கரை மருதமரத்தில் விழா. நீங்கள் கிளையில் உட்காருங்கள். நான் கீழே நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறேன்."

"நரி சொல்வதும் நியாயம்தானே" என்றது நாரை.

ஏரியே அமளிப்பட்டது. ஒருவர் தாமரை பறிக்க ஓடினார். ஒருவர் மாலை கட்டினார். முன்கிளை யாருக்கு என்று வாத்துகளுக்குள் சண்டையே வந்துவிட்டது.

செங்கமலத்தின் மகள் அல்லி மூச்சிரைக்க வந்தாள். "அம்மா, நாளைக்கு உனக்குத் தாமரை மாலை!"

"எல்லாரும் வருகிறார்களா?"

"ஒருத்தர் பாக்கியில்லை."

"அப்போது குஞ்சுகளை யார் பார்ப்பது?"

"கொஞ்ச நேரம்தானே அம்மா. ஒரு நாள் உனக்காக வரக் கூடாதா?"

செங்கமலத்துக்கும் ஆசை இல்லாமல் இல்லை. காலையில் இறகைக் கோதிக்கொண்டு கோரையின் ஓரம் வரை வந்தாள். பின்னால் ஒரு குஞ்சு கீச்சிட்டது. கால் நகரவில்லை. "நீங்கள் ஆரம்பியுங்கள். நான் அப்புறம் வருகிறேன்" என்று திரும்பிவிட்டாள்.

கிழக்கே நரியின் பேச்சு முழங்கியது. "தியாகச் சுடரே!" என்றது அது. பறவைகள் சிறகடித்து ஆரவாரித்தன.

அப்போது மேற்கே கோரை அசைந்தது. காற்று இல்லை. செங்கமலம் எட்டிப் பார்த்தாள். நரியின் தம்பிகள் இருவர், தண்ணீரில் பதுங்கிப் பதுங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். தனி ஆள், வயதும் ஆகிவிட்டது. சண்டை போட முடியாது. அடித்தொண்டையில் மெல்லக் கூப்பிட்டாள். கூட்டுக்குக் கூடு குஞ்சுகள் எட்டிப் பார்த்தன. "சத்தம் போடாமல் என் பின்னால் வாருங்கள்" என்று ஆழத்தை நோக்கி நீந்தினாள். எல்லாம் வரிசையாகத் தொடர்ந்தன.

முக்குளிப்பானின் கடைக்குட்டி மட்டும் பின்தங்கியது. செங்கமலம் பாய்ந்து திரும்பினாள். அதை முதுகில் ஏற்றிக்கொண்டாள். நரித் தம்பி ஒருவனின் வாய் அவள் வால் இறகுகளைக் கவ்வியது. இறகு போனால் போகட்டும் என்று உதறிக்கொண்டு ஆழத்துக்கு வந்துவிட்டாள். துரத்திய நரிகள் இடுப்பளவு சேற்றில் புதைந்தன.

அப்புறம்தான் அவள் உரக்கக் கத்தினாள். மருதமரமே கலைந்து பறந்து வந்தது. நாரைகள் நரித் தம்பிகளைக் கொத்து கொத்தென்று கொத்தின. அவர்கள் விழுந்தடித்துக்கொண்டு கரையேறி ஓடினார்கள். அண்ணன் நரியோ பேச்சைப் பாதியில் விட்டு எப்போதோ ஓடிப்போயிருந்தது.

நாரை தலைகுனிந்து நின்றது. "மன்னித்துவிடுங்கள் அக்கா. விழாவை இங்கேயே நடத்தட்டுமா?"

"விழா வேண்டாம் தம்பி" என்றாள் செங்கமலம். அவளுக்கு மூச்சு வாங்கியது. "நாளைக்கு யாராவது குஞ்சுகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் கொஞ்சம் தூங்க வேண்டும்."

மறுநாள் அவள் கண் விழித்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பதறி எழுந்தாள். கோரை ஓரத்தில் அல்லியும் நாரையும் காவல் நின்றார்கள். வாத்து, குஞ்சுகளுக்கு இரை கொடுத்துக்கொண்டிருந்தது. செங்கமலம் மறுபடியும் படுத்துக்கொண்டாள்.

தொண்டு செய்பவரின் சுமையில் பங்கு ஏற்பதே அவருக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதை.